லிட்டருக்குப் பதினெட்டா, பதினேழா?

போன தை மாதம் மாப்பிள்ளையின் காரில் புதுச்சேரிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரம்பூர் மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. மாப்பிள்ளை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சிறிய திரையைக் காட்டி, "பாத்தீங்களா மாமா, லிட்டருக்குப் பதினெட்டு குடுக்குது" என்றார்.

"யார் அளந்து சொன்னது?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சொல்லுது மாமா."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. லிட்டருக்கு எத்தனை என்ற அந்த ஓர் எண் என் உத்தியோக காலத்தில் ஒருவருடைய சம்பளத்தில் கை வைத்தது. அந்தக் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

முதலில் சொல்லைப் பாருங்கள். நாம் எல்லோரும் 'மைலேஜ்' என்கிறோம். மைல் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்து, 1960களின் தொடக்கத்தில் மைலும் காலனும் சேரும் வீசையும் அரசாங்கக் கணக்கிலிருந்து விடைபெற்றன. மைலேஜ் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

எனக்குத் தமிழ் வீட்டில், பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் அலுவலகத்தில். புதுச்சேரியில் நான் படித்த கணக்குப் புத்தகத்தில் மைலே கிடையாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒரு லிட்டருக்கு வண்டி எத்தனை தூரம் ஓடும் என்று பிரெஞ்சுக்காரர் கேட்பதில்லை. நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்கும் என்று கேட்பார்கள். நம் கணக்கில் எண் கூடினால் நல்லது, அவர்கள் கணக்கில் குறைந்தால் நல்லது. இது வெறும் பழக்க வித்தியாசம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று பிறகு தெரிந்தது.

தூரத்தை அளக்கும் வித்தை மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோம் நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் ஒரு வண்டியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சக்கரம் 400 சுற்று சுற்றினால் ஒரு ரோமானிய மைல். அப்போது பல்சக்கரங்கள் நகர்ந்து ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியது. இன்றைய காரும் சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. கல்லுக்குப் பதில் மின்துடிப்பு. சக்கரம் தேய்ந்தால் விட்ரூவியஸின் கணக்கும் தப்பும், நம் கணக்கும் தப்பும்.

குடித்த எண்ணெயை அளப்பதுதான் கடினம். நம் வடசென்னைக்கே வருவோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தார்கள். அந்தப் பழைய புல்லட்டில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளே கிடையாது. டாங்கின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும், அல்லது வண்டியை ஆட்டிக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். வழியில் வண்டி இருமினால் குழாயை 'ரிசர்வ்' பக்கம் திருப்பி, பங்கைத் தேட வேண்டும். உங்களில் பலர் அப்படித் திருப்பியிருப்பீர்கள். 1990களில் அதே நிறுவனத்தின் டீசல் புல்லட்டை மைலேஜுக்காகவே தேடி வாங்கினார்கள். எழுபது கொடுக்கிறது, எண்பது கொடுக்கிறது என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். அளந்து பார்த்துச் சொன்னவர் குறைவு.

அளந்து சொன்னவர்கள் பஸ் டெப்போக்காரர்கள். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன ஆலையின் பஸ்கள்தான் நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடின. 1972-ல் பல்லவன் வந்தது. இரவு வண்டி டெப்போவுக்குத் திரும்பியதும் டாங்கை நிரப்புவார்கள். எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஓட்டியவர் யார் என்று ஏட்டில் ஏறிவிடும். ஓட்டுநர் வாரியாக 'கே.எம்.பி.எல்.' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவதும் உண்டு. லிட்டருக்கு நாலரை, ஐந்து என்று ஓடும் வண்டியில் கால் கிலோமீட்டர் கூடினாலும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் பெரிய பணம். நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் இந்த முறையைவிட எளியது இன்றுவரை வரவில்லை.

இனி என் கதை. 1982 என்று நினைவு. நான் இளநிலை உதவியாளர். எங்கள் அலுவலகத்தில் ஒரு டீசல் ஜீப் இருந்தது. எல்லா அரசு வண்டியையும் போல அதற்கும் ஒரு லாக் புத்தகம். அந்த ஜீப்புக்கு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று நிர்ணயம் செய்திருந்தார்கள். பணிமனையில் ஏதோ பழுது பார்த்து வந்த பிறகு மூன்று மாதமாக லாக் புத்தகத்தில் 7.6, 7.7 என்றே வந்தது. தணிக்கையில் கேள்வி எழுப்பினார்கள். குறைந்த கிலோமீட்டருக்கு உண்டான டீசலின் விலையை ஓட்டுநரிடம் பிடித்தம் செய்யலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தேன்.

ஓட்டுநர் என்னைவிட இருபது வயது மூத்தவர். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "சார், ஒரு சொட்டு நான் எடுக்கல சார். மீட்டர் குறைச்சலா ஓடுது. நீங்க ஒரு நாள் என்கூட வந்து கல்ல எண்ணிப் பாருங்க" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கூடப் போக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம் நடந்தது. பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அதே ஜீப்பில் மாதவரம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் போனேன். சும்மா இருக்கிறோமே என்று சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணினேன். 20 கல் கடந்தபோது மீட்டர் 17 ஓடியிருந்தது. திரும்பும்போதும் அப்படியே. வண்டி 9 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 7.65 என்று எழுதும். லாக் புத்தகத்தில் இருந்ததும் அதுதான். பிரித்துப் பார்த்ததில், பழுது பார்த்தபோது மீட்டர் கேபிளைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத்துக்குப் பதிலாக வேறு பல் எண்ணிக்கை உள்ளதைப் போட்டிருந்தார்கள். உடனே இன்னொரு குறிப்பு எழுதினேன். பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுக்க ஆணை வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பணம் மணியார்டரில் போனது. மன்னிப்பு கேட்டு நான் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்த எண்ணில் தூரம், எண்ணெய் என்று இரண்டு பாதி இருக்கிறது. ஒரு பாதி தப்பினாலும் விடை தப்பு. நான் எண்ணெயை மட்டுமே சந்தேகப்பட்டேன்.

இப்போது மாப்பிள்ளையின் திரைக்கு வருவோம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, விலை சில மாதங்களில் நான்கு மடங்கானதும்தான் உலகமே லிட்டரை எண்ண ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1978-ல் கேடிலாக் செவில் காரில் 'டிரிப் கம்ப்யூட்டர்' என்ற ஒன்றைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். எரிபொருள் கணக்கை எண்ணாகவே காட்டும் பெட்டி அது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்தடுத்து ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. மைலேஜ் விளம்பரத்தின் முதல் வரியாயிற்று. ஆனால் அவையெல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். கார்புரேட்டர் காற்றின் இழுப்பில் பெட்ரோலை விடும், எவ்வளவு விட்டது என்று யாருக்கும் சொல்லாது. 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் கார்களில் 'எம்.பி.எஃப்.ஐ.' வந்த பிறகுதான் நம் ஊர்க் கார்களில் இந்தத் திரைக்கு வழி பிறந்தது. இருசக்கர வண்டிகளுக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபோது.

இதில் பெட்ரோலை ஊசி போன்ற இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஆணையிடுகிறது. திறந்திருந்த நேரத்தைக் கூட்டி, ஒரு நொடிக்கு இவ்வளவு பாயும் என்று தொழிற்சாலையில் கொடுத்த எண்ணால் பெருக்கி, இத்தனை லிட்டர் செலவு என்கிறது. பெரும்பாலான கார்களில் பெட்ரோலை அளக்கும் மீட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. ஊசியில் அழுக்குப் படிந்தாலும், பம்பின் அழுத்தம் மாறினாலும் அந்தப் பெருக்கல் தப்பும். ஆக, திரையில் தெரிவது அளவு அல்ல, மதிப்பீடு.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு நானே சோதித்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், மேலே ஒரு சொட்டு விடக்கூடாது. முதல் தடவை நிரப்பியதும் டிரிப் மீட்டரையும் சராசரியையும் பூஜ்யமாக்கி, அடுத்த நான்கு தடவை நிரப்பும் வரை குறித்துவந்தோம். மொத்தம் 1520 கிலோமீட்டர், 88.8 லிட்டர். வகுத்தால் 17.1. திரையில் 18.0.

இரண்டு கணக்கிலும் தூரம் அதே மீட்டரிலிருந்துதான். ஆகவே இந்த 5 சதவீத வித்தியாசம் எண்ணெய்ப் பக்கத்திலிருந்து வருகிறது. திரையின் கணக்குப்படி 84.4 லிட்டர்தான் செலவாகியிருக்க வேண்டும். பாக்கி 4.4 லிட்டர். பங்க் ஏமாற்றியதா என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம். பம்புக்குச் சட்டம் அனுமதிக்கும் பிழை 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் எதிரிலேயே பிடித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது. நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலும் 88-ல் அது ஒரு சதவீதம்தான். ஒரே ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால் அதே ஒரு லிட்டர் நாலரை சதவீதம் ஆகிவிடும். அதனால்தான் நான்கு தடவை. மிச்சம் திரையின் பிழை. எல்லாக் காரும் கூட்டித்தான் காட்டும் என்று நினைக்க வேண்டாம், குறைத்துக் காட்டுவதும் உண்டு.

தூரத்தின் பிழை தனி. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் 5 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் ஒரு சென்டிமீட்டர் குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டர் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். அப்போது திரை சொல்வதும் தப்பு, என் நோட்டும் தப்பு.

பள்ளிக்கூடக் கணக்கு உதவிய இடம் ஒன்று. மாப்பிள்ளை ஊருக்குள் லிட்டருக்கு 10, வெளியூரில் 20, ஆகவே சராசரி 15 என்றார். ஊருக்குள் 100 கிலோமீட்டர், வெளியே 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். 10 லிட்டரும் 5 லிட்டரும் சேர்ந்து 15 லிட்டர். 200-ஐ 15-ஆல் வகுத்தால் 13.3 தான். நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர், 5 லிட்டர், சராசரி ஏழரை என்று பிரெஞ்சு முறையில் போட்டிருந்தால், தூரம் சமமாக இருக்கும்போது அந்தத் தப்பு வந்திருக்காது.

ஐரோப்பாவில் 2021 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய பெட்ரோல், டீசல் காரும் தன் எரிபொருள் கணக்கை உள்ளேயே பதிந்து வைக்க வேண்டும், பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த கணக்கைப் பார்த்து 2024-ல் ஐரோப்பிய ஆணையம் அறிக்கை கொடுத்தது. சோதனைக்கூட உருளையில் ஓட்டிச் சொன்னதைவிடச் சாலையில் ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன. நம் ஊர் விளம்பர எண்ணும் உருளையில் ஓட்டி எடுத்ததுதான். அதோடு ஒப்பிட்டால் திரையின் 5 சதவீதம் பெரிய குற்றமில்லை. நேற்றைவிட இன்று கூடியதா குறைந்ததா என்று பார்க்கத் திரை போதும். செலவுக் கணக்கு எழுதவும், ஒருவரைக் குற்றம் சொல்லவும் போதாது.

மாப்பிள்ளையின் கார் டாஷ்போர்டில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் இருக்கின்றன. முதல் பக்கத்தில் தேதி, மீட்டர், லிட்டர் என்று நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன், பழைய லாக் புத்தகம் மாதிரியே. அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.