அழுவதற்கு ஓர் இடம்: யாழ்ப்பாணத்தின் நாடக அரங்கக் கல்லூரி

1992ஆம் ஆண்டு. மின்சாரம் போய் இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அப்படியொரு மாலையில் அம்மாவோடு ஒரு நாடகம் பார்க்கப் போனேன். பெயர் ‘எந்தையும் தாயும்’. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துவிடப்பட்ட முதியவர்களின் கதை. என் அண்ணனும் அப்போது வெளிநாட்டில்தான் இருந்தான். அவன் போன நாளில்கூட அழாத அம்மா, அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. சுற்றிப் பார்த்தேன். அழுதது அம்மா மட்டுமல்ல.

அந்த நாடகத்தை எழுதியவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978இல் தொடக்கிவைத்த அமைப்புத்தான் நாடக அரங்கக் கல்லூரி. 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது அஞ்சலிகள் நிறைய வந்தன. அவர் உருவாக்கிய அமைப்பு எமது சமூகத்துக்கு என்ன செய்தது என்பதையும் இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நாடகம் 1978இல் பிறக்கவில்லை. கோயில் வீதிகளிலும் வயல்வெளிகளிலும் விடிய விடியக் கூத்து நடந்த மண் இது. கலையரசு சொர்ணலிங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேடை நாடகத்துக்கு மதிப்புத் தேடிக்கொடுத்தார். காங்கேசன்துறையில் வி. வி. வைரமுத்துவும் அவரது வசந்த கான சபாவும் இசை நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். அவரது அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்க்காத ஊர் குறைவு. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1970களில் அ. தாசீசியஸ் போன்றவர்கள் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் அன்றைய சமூகப் பிரச்சினைகளைப் பேசுவதற்குப் பயன்படுத்தினார்கள். சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த ‘கந்தன் கருணை’ அப்படி வந்ததுதான்.

இல்லாதிருந்தது பயிற்சி. வசனத்தைப் பாடமாக்கி, ஒலிவாங்கிக்கு முன் நின்று ஒப்புவிப்பதே நடிப்பு என்ற நிலை பல மேடைகளில் இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான நாடக டிப்ளோமாக் கற்கைநெறி நடந்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்களில் ஒருவரான சண்முகலிங்கம், தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. உடற்பயிற்சி, குரற்பயிற்சி, அரங்க விளையாட்டு, கூட்டாக நாடகத்தை உருவாக்கும் முறை என்று நாடகத்தைப் படிப்படியாகக் கற்பிக்கும் களமாக நாடக அரங்கக் கல்லூரி உருவானது.

கல்லூரி என்றாலும் கட்டணம் வாங்கிப் பட்டம் கொடுக்கும் இடமல்ல அது. வந்தவர்கள் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், பாடசாலை விட்டுவந்த இளைஞர்கள். நடித்ததற்கு யாரும் சம்பளம் கேட்கவில்லை. வேலை முடிந்து சைக்கிளில் வந்து ஒத்திகை பார்த்து, இருட்ட முன்னர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தாசீசியஸின் ‘பொறுத்தது போதும்’ கடற்றொழிலாளர் மீதான சுரண்டலைக் கூத்தின் வேகத்தோடு சொன்னது. ‘கூடி விளையாடு பாப்பா’ சிறுவர்களுக்கென்று தனி அரங்கு வேண்டும் என்பதை எங்களுக்கு உணர்த்தியது. அதற்கு முன்னர் பாடசாலை மேடைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் மீசை வைத்த குட்டி ராசாக்கள்தான்.

1981இல் நூலகம் எரிந்தது. 1983 ஜூலை வந்தது. அதன்பின் நாடகத்தின் வேலையும் மாறியது. 1985இல் சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனிய’ரைக் க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். நாடக அரங்கக் கல்லூரி வளர்த்த அரங்க முறை பல்கலைக்கழகத்துக்குள் போய், அங்கிருந்து ஊர்களுக்குத் திரும்பி வந்தது என்று இதைச் சொல்லலாம். பெரிய காட்சியமைப்பு இல்லை. எடுத்துரைப்போர் இருந்தார்கள், பாட்டு இருந்தது, மேடையில் ஒரே ஆள் பல ஆட்களாக மாறினார். பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு, மண்ணோடு மாரடிக்கும் கமக்காரனின் வாழ்க்கையைக் காட்டியது அது. நாடகம் பார்க்க நகரத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நாடகமே ஊருக்கு வந்தது.

அதற்கடுத்த வருடங்களில் சண்முகலிங்கத்தின் எழுத்து எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது. ‘அன்னை இட்ட தீ’ போர் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்தைப் பேசியது. மனநலம் என்றால் ‘விசர்’ என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டிருந்த சமூகம் இது. நித்திரை வராமை, திடுக்கிட்டு எழும்புதல், ஒருவரோடும் பேசாமல் இருத்தல் எல்லாம் நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆறுதலும் உண்டு என்பதைப் பலர் மருத்துவமனையில் அறியவில்லை. மேடையில்தான் அறிந்தார்கள். மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போரின் உளத்தாக்கத்தைப் பற்றி ஆய்ந்தும் எழுதியும் வந்த அதே காலத்தில், நாடகம் அந்த அறிவை எங்களுக்குப் புரிகிற மொழியில் கொண்டுவந்தது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேச முடியாது. துவக்கு எல்லாப் பக்கமும் இருந்தது. சண்முகலிங்கத்தின் நாடகங்கள் சில இடங்களில் பூடகமாக இருந்தன, போதிய அளவு உரத்துப் பேசவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விமர்சனத்தை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் பேச முடியாத காலத்தில், ஒரு குறியீட்டை விளங்கிக்கொண்ட நூறு பேர் ஒரே இடத்தில் சேர்ந்து மௌனமாக இருந்தார்கள் என்பதே பெரிய விடயம். தனியே துயரப்பட்டவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே துயர்தான் என்று தெரிந்தது.

நாடக அரங்கக் கல்லூரி தனியே நிற்கவில்லை. 1965இல் நீ. மரிய சேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகங்களைப் பெருந்திரள் மக்கள் முன் நடத்தியது. கூத்தையும் இசை நாடகத்தையும் பேணியது. 1990இலிருந்து ‘கலைமுகம்’ சஞ்சிகையை வெளியிட்டது. பின்னர் தே. தேவானந்தின் செயல் திறன் அரங்க இயக்கம் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது. சண்முகலிங்கத்திடம் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் இன்று பாடசாலைகளில் ‘நாடகமும் அரங்கியலும்’ கற்பிக்கிறார்கள். உயர்தரத்தில் அதை ஒரு பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு, அதன் பின்னால் சம்பளமில்லாமல் சைக்கிள் மிதித்த ஒரு தலைமுறை இருப்பது தெரியுமா?

இழந்ததும் நிறைய. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, வைரமுத்துவின் காங்கேசன்துறையும் ஆளில்லாத ஊரானது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி நடந்தது. அன்று எங்கள் பையில் அரிசியும் அடையாள அட்டையும் காணி உறுதியும் இருந்தன. நாடகப் பிரதியை யார் எடுத்துவருவார்? எத்தனையோ பிரதிகளும் படங்களும் ஒலிநாடாக்களும் அந்த வீடுகளோடு போயின. நடித்தவர்களில் பலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். சிலர் இல்லை.

போர் முடிந்து இத்தனை வருடங்களில் வீதிகள் போட்டோம், மண்டபங்கள் கட்டினோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியோரம் இருக்கும் தாய்க்கு, மற்றவர்களோடு சேர்ந்திருந்து அழ ஓர் இடம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. நினைவுகூர்வதே சிக்கலாக்கப்பட்ட மண்ணில் அரங்கின் தேவை முடியவில்லை.

அம்மா இப்போது இல்லை. அன்று நாடகம் முடிந்து வரும்போது, சைக்கிள் காரியரில் இருந்தபடி அவ சொன்னது ஒன்றே ஒன்று: “உதை ஆரோ எங்கட வீட்டுக்குள்ள வந்து பாத்திட்டு எழுதியிருக்கினம்.” அன்றிரவு அண்ணனுக்கு நீண்ட நாட்களின் பின் ஒரு கடிதம் எழுதச் சொன்னா. நான் எழுதினேன்.

அந்த நாடகங்களில் நடித்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், மேளம் அடித்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். வீட்டு அலுமாரியில் ஒரு பழைய அழைப்பிதழோ படமோ பிரதியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் இணைய ஆவணகத்துக்கோ கொடுங்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தால், அந்த மாலையைப் பற்றி அவனுக்கும் சொல்லுங்கள்.