யாகன்: ஒரு ஜெர்மானிய வேட்டை வினை

யாகன் என்பது ஜெர்மன் மொழியில் ‘வேட்டையாடு’ என்று பொருள்படும் வினை. டச்சிலும் இதே சொல் உண்டு. பழைய உயர் ஜெர்மனில் யாகோன் என்றும் பழைய ஃப்ரீசியனில் யாகியா என்றும் வழங்கியது. பழைய ஆங்கில நூல்களிலும் கோத்திக் ஏடுகளிலும் இதற்கு இணை கிடைக்கவில்லை. இதற்கு முந்தைய வேர் எது என்பதில் மொழியியலாளர்கள் ஒத்துப்போவதில்லை.

அகராதிகள் வேட்டையை முதற்பொருளாகக் காட்டினாலும், இச்சொல்லின் உயிர் துரத்துவதில்தான் இருக்கிறது. விலங்கு வீழ்ந்ததா என்பது இதற்குப் பொருட்டல்ல. ஜெர்மனில் ‘ஃபெர்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் விரட்டியடிப்பது என்றாகிவிடும். டச்சுக் கால்வாய்களில் இது இன்னும் தெளிவு. ஆம்ஸ்டர்டாமுக்கும் ஹார்லெமுக்கும் இடையே 1632இல் ஒரு கால்வாய் திறக்கப்பட்டது. அதில் பயணிகள் படகைக் கரையில் நடந்த குதிரை நீண்ட கயிற்றால் இழுத்துச் சென்றது. குதிரை மேலிருந்து அதை ஓட்டிய பையனுக்கு ‘யாகர்ட்யே’ என்று பெயர்; குதிரை நடந்த பாதை ‘யாக்பாட்’. வேட்டைக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பாதைகள் பலவற்றில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன, பெயர் மாறவில்லை.

விரைந்து செல்லும் இலகுவான கப்பலை டச்சுக்காரர்கள் இதே வேரிலிருந்து ‘யாக்ட்’ என்றார்கள். 1606இல் ஆஸ்திரேலியக் கரையை எட்டிய டைஃப்கன் என்ற டச்சுக் கப்பல் அந்த வகையைச் சேர்ந்தது. 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு மேரி என்ற யாக்டைப் பரிசளித்தது. உல்லாசப் படகுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் ‘யாட்’ என்ற பெயர் இந்த டச்சுச் சொல்தான். வேட்டைக்கு மட்டும் ஆங்கிலம் தன் பழைய ‘ஹண்ட்’டையே வைத்துக்கொண்டது; துரத்தலுக்குப் பிரெஞ்சிலிருந்து ‘சேஸ்’ வந்தது.

ஸ்வீடிஷ் ‘யாகா’வும் டேனிஷ் வடிவமும் தாழ் ஜெர்மனிடமிருந்து பெற்ற கடன், இடைக்காலத்தில் வட ஜெர்மன் வணிகர்களின் செல்வாக்கு அந்நாடுகளில் அவ்வளவு ஓங்கியிருந்தது. நார்டிக் மக்களின் சொந்தச் சொல் ‘வெய்தா’. ஐஸ்லாந்தில் அது இன்றும் வாழ்கிறது, வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் சேர்த்து.

வேட்டைக்காரரைக் குறிக்கும் ‘யேகர்’ படைக்குள்ளும் நுழைந்தது. குறி தவறாமல் சுடப் பழகிய வனக்காவலர்களையும் வேட்டைக்காரர்களையும் ஜெர்மன் அரசர்கள் தனிப் படைகளாகத் திரட்டினார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்ற ஹெஸ்ஸே யேகர்கள் அவ்வாறு வந்தவர்கள். முதல் உலகப் போரில் எதிரி விமானங்களைத் துரத்திய விமானங்களுக்கும் இதே வேரில் பெயர் வைத்தார்கள்.

டச்சிலிருந்து கிளைத்த ஆப்ரிகான்ஸ் இரு பொருளையும் பிரித்துவிட்டது. அங்கே ‘யக்’ என்றால் வேட்டை. ‘யாக்’ என்று நீட்டினால் துரத்துவது, வண்டியைப் பறக்கவிடுவது.