திருடனா, டிடெக்டர் கோளாறா? சாட்டிலைட் ஒளியைப் பிடிக்கும் கருவிக்கு என்னென்ன டெஸ்ட்?

தேசிய குவாண்டம் திட்டத்தின் தகவல்தொடர்பு மையம் நம்ம அடையாறு பக்கத்தில், சென்னை ஐஐடியில்தான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்த 6,003.65 கோடி ரூபாய் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று, 2,000 கி.மீ. இடைவெளியில் உள்ள தரை நிலையங்களை சாட்டிலைட் வழியாக ரகசியமாகப் பேச வைப்பது.

ரகசியத்தைப் பூட்டும் 'சாவி', போட்டான் எனும் ஒளித்துகள்களில் வரும். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் பிழைகள் கூடும். பரவலாகப் பயன்படும் பிபி84 முறையில் பிழை சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால், அந்தச் சாவியையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதுல என்ன சிக்கல்?

ஒளியே வராதபோதும் டிடெக்டர் 'வந்துடுச்சு' என்று பொய் சிக்னல் தரும். வெப்பம் இதற்கு முக்கியக் காரணம். 'டார்க் கவுண்ட்' என்பார்கள். இதனால் வரும் பிழையும் திருடனால் வரும் பிழையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் டெஸ்டிங் இவ்வளவு முக்கியம்.

எப்படி டெஸ்ட் செய்கிறார்கள்?

முதலில் டிடெக்டரை கும்மிருட்டுப் பெட்டியில் வைத்து, பொய் சிக்னல்களை எண்ணுவார்கள். குளிரூட்டக் குளிரூட்ட எண்ணிக்கை குறையும்.

அடுத்து லேசர். 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு நானோவாட் ஒளி என்றால்கூட விநாடிக்கு சுமார் 780 கோடி போட்டான்கள்! அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் சுமார் 7,800 மிஞ்சும். அதில் எத்தனையை டிடெக்டர் பிடிக்கிறது என்பதுதான் அதன் மார்க். ஒன்றைப் பிடித்த கையோடு இன்னொன்று வந்ததாகப் பொய் சொல்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

லேபில் பாஸ் ஆனால் போதாது. தரை நிலையம் ஊருக்குள் இருந்தால் தி.நகர் கடை விளக்கு வெளிச்சம்கூட டெலஸ்கோப்புக்குள் நுழையும். சூரிய ஒளியைக் கேட்கவே வேண்டாம். 2021-ல் அகமதாபாத்தில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே 300 மீட்டர் தூரத்துக்கு இஸ்ரோ நடத்திய சோதனையும் இரவில்தான் நடந்தது.

டிடெக்டரே சாட்டிலைட்டில் போவதாக இருந்தால் இன்னொரு தலைவலி. விண்வெளியில் புரோட்டான்கள் மோதி சிலிக்கானைச் சேதப்படுத்தும், டார்க் கவுண்ட் எகிறும். ஆகவே ஏவுவதற்கு முன்பே புரோட்டான் கற்றையைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள்.

2010-ல் ஒரு ஆய்வுக்குழு, பளிச்சென்ற ஒளியை அடித்து, விற்பனையில் இருந்த குவாண்டம் கருவிகளின் டிடெக்டர்களைக் 'குருடாக்கி', பிழை கூடாமலேயே சாவியைத் திருட முடியும் என்று காட்டியது. அதற்குப் பிறகு, கண்ணைப் பறிக்கும் ஒளியைக் காட்டியும் டெஸ்ட் செய்ய வேண்டியதாகிவிட்டது.