ஸ்கோரோடைட் இருந்தால் போதுமா? கைவிடப்பட்ட சுரங்கங்களில் ஆர்சனிக் கனிமங்களின் நிலைப்புத்தன்மை

கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பற்றிய விவாதங்களில் ஒரு வாதம் அடிக்கடி தலைகாட்டுகிறது: கழிவில் இரும்பு ஆர்சனேட் கனிமமான ஸ்கோரோடைட் உருவாகிவிட்டது, ஆகவே ஆர்சனிக் கட்டுண்டுவிட்டது. இது அவசர முடிவு. இரண்டாம்நிலைக் கனிமம் ஒன்றின் பெயரைக் கொண்டு அது எத்தகைய நீரில் பிறந்தது என்று கூறலாம். இனி எத்தகைய நீர் அதன்மேல் பாயும் என்று கூற முடியாது.

மூலக்கனிமம் பெரும்பாலும் இரும்பு, ஆர்சனிக், கந்தகம் சேர்ந்த ஆர்சனோபைரைட். அதன் எடையில் ஏறத்தாழ 46 விழுக்காடு ஆர்சனிக். பாறைக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரை அதற்குக் கேடில்லை. அகழ்ந்து குவித்தபின் காற்றும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைக்கின்றன. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பும் ஆர்சனிக்கும் கரைசலுக்குள் இறங்குகின்றன. மூவிணைதிற ஆர்சனிக்கை ஐந்திணைதிற நிலைக்கு உயர்த்துவதில் காற்று மட்டும் மிக மெதுவாகவே செயல்படும். பாக்டீரியாக்கள் தலையிட்டால் வேகம் கூடும். அவ்வாறு உண்டாகும் ஆர்சனேட் ஃபெரிக் இரும்புடன் சேர்ந்து படியும்போது, முதலில் வருவது பெரும்பாலும் படிக ஒழுங்கற்ற கூழ்மம். மிக நிலையான வடிவம் முதலில் தோன்ற வேண்டியதில்லை என்று ஆஸ்ட்வால்ட் 1897இல் முன்வைத்த படிநிலை விதிக்கு இது நல்ல சான்று.

செக் நாட்டின் குட்னா ஹோரா அருகிலுள்ள கான்க் இதை நேரில் காட்டும் இடம். இடைக்கால வெள்ளிச் சுரங்கங்களின் கழிவுக் குவியல்கள் அங்கே கிடக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் கார்பனேட் போதாத குவியல்கள் அவை. ஆர்சனேட்டும் சல்பேட்டும் செறிந்த நீர் உள்ளே தேங்கியது. புக்கோவ்ஸ்கியைட், கான்கைட், சைக்கைட், பாராஸ்கோரோடைட் என்று கனிமவியலுக்கு அதுவரை அறிமுகமில்லாத இனங்கள் இக்குவியல்களிலிருந்து விவரிக்கப்பட்டன. ஸ்கோரோடைட்டும் அங்கே உண்டு. ஒரே குவியலில், ஒரே மூலக்கனிமத்திலிருந்து, இத்தனை வடிவங்கள்! சமநிலை மட்டுமே ஆட்சி செய்திருந்தால் இந்தப் பன்மை நீடித்திருக்காது. ஆனால் குவியலின் வயதைக் கனிமத்தின் வயதாகக் கொள்வது பிழை. குவியல் சில நூற்றாண்டுப் பழமையானது. அதிலுள்ள கனிமக் கட்டி சென்ற தலைமுறையில் உருவானதாகவும் இருக்கலாம்.

கார்பனேட் உள்ள இடத்தில் கதை வேறு. செக் நாட்டின் யாகிமோவிலுள்ள தாது நரம்புகளில் கோபால்ட், நிக்கல் ஆர்சனைடுகள் சிதைந்து இளஞ்சிவப்பு எரித்ரைட்டும் பச்சை அன்னபெர்கைட்டும் தோன்றுகின்றன; சுண்ணாம்புச்சத்து சேர்ந்தால் வெண்ணிற ஃபார்மகோலைட். ஸ்கோரோடைட்டுடன் ஒப்பிட்டால் கால்சியம் ஆர்சனேட்டுகள் எளிதில் கரைபவை. அவ்வூரில் மருத்துவராக இருந்த அக்ரிகோலா, 1556இல் வெளியான தம் சுரங்க நூலில், ஒருவகைத் தாது ஈரம்பட்ட தொழிலாளரின் கால்களை அரிப்பதாக எழுதினார். வேதியியல் வளராத காலத்திலேயே ஈரத்தைக் கவனித்த கண் அது.

பிரான்சின் கார்னூலெஸ் இன்னும் கூர்மையான சான்று. 1962இல் மூடப்பட்ட ஈய-துத்தநாகச் சுரங்கம் அது. அதன் கழிவு மணலிலிருந்து அமில நீரோடை ஒன்று கிளம்புகிறது. ஈரப் பருவத்தில் அதன் படிவில் மூவிணைதிற ஆர்சனிக்கும் ஃபெரிக் இரும்பும் கொண்ட சேர்மங்கள் மேலோங்குகின்றன; அரிய கனிமமான டூயெலைட்டும் அவற்றுள் ஒன்று. வறண்ட பருவத்தில் ஐந்திணைதிற ஆர்சனிக் கொண்ட ஒழுங்கற்ற படிவு மேலோங்குகிறது. கழிவு அதே கழிவு. நுண்ணுயிர்களின் வேகமும் நீர்வரத்தும்தான் மாறின.

ஸ்கோரோடைட்டின் கரைதிறன் மிகக் குறைவு என்று எதிர்த்தரப்பு நினைவூட்டும். உண்மைதான், ஆனால் மிதமான அமில நீரில். நீர் நடுநிலையை நெருங்கும்போது இரும்பு ஹைட்ராக்சைடாகத் தங்கிவிட, ஆர்சனேட் கரைசலுக்குள் செல்கிறது. புதிதாகப் படிந்த ஹைட்ராக்சைடு அதில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும், முழுவதையும் அல்ல. குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதால் மீந்த சிறு பகுதியும் பொருட்படுத்தத்தக்கதே. அமிலத்தை அடக்கவென்று சுண்ணாம்பு இடுவோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுரங்கத்தில் நீர் நிரம்பி ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் வேறு வழியிலும் பிடி தளரும்: ஃபெரிக் இரும்பை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் கனிமத்தையே கரைக்கும்.

அளவீட்டு முறையிலும் ஒரு சாய்வு உள்ளது. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் ஒழுங்கான படிகங்களையே தெளிவாகக் காட்டும். கூழ்மப் படிவு அகன்ற மேடாக மங்கிவிடும். எனவே பட்டியலில் ஸ்கோரோடைட் இடம்பெறுகிறது, அதைவிட எளிதில் கரையும் படிவு விடுபடுகிறது. எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையும், மாதிரி எடுத்த இடத்து நீரின் அமிலத்தன்மை, ஆக்சிஜன் நிலை, பருவம் ஆகியவையும் இல்லாத கனிமப் பட்டியலை நிலைப்புக்கான ஆதாரமாக ஏற்க நான் தயங்குவேன்.