ஐடிலிங் இல்லாத எஞ்சின்

சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பைக் நின்று போனால், மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டர் ஓரத்தில் ஒரு திருகு திருகுவார். "ஐடிலிங் கம்மியா இருந்துச்சு" என்பார். அவ்வளவுதான். செஸ்னா 172 போன்ற சின்ன விமானங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்தால், எஞ்சின் நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் தானாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடாமல் நின்றால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஐடில் திருகு, காற்று-பெட்ரோல் கலவை, உள்ளே போகும் குழாயில் காற்றுக் கசிவு, எண்ணெய் படிந்த ஸ்பார்க் பிளக்... சில சமயம் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் பீச்சும் பிரைமர் குமிழைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருப்பார்கள், அது வழியாகக் கூடுதல் பெட்ரோல் உள்ளே போய்க் கொண்டிருக்கும்!

இன்றைக்கு இது ஒரு சின்னக் கோளாறு. ஆனால் முதல் உலகப் போர் முழுக்க, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் ஐடிலிங் என்பதே இல்லாத எஞ்சின்களை வைத்துக்கொண்டுதான் பறந்தார்கள், இறங்கினார்கள். அங்கே அது கோளாறு இல்லை. எஞ்சினின் பிறவிக் குணமே அதுதான்.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ல் பறந்த விமானத்திலும் த்ராட்டில் கிடையாது. சுமார் 12 குதிரைசக்தி, ஓடினால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். அது பெரிய விஷயமில்லை, அன்று மிக அதிக நேரம் பறந்ததே 59 விநாடிதான். பிரச்சினை, விமானம் மணிக்கணக்கில் பறக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது. அதற்கு வழி செய்தது பிரான்சில் லூயி செகன், லோரான் செகன் என்ற இரு சகோதரர்களின் 'க்னோம்' எஞ்சின்.

அன்றைய எஞ்சின்களின் பெரிய தலைவலி எடையும் சூடும். தண்ணீர் வைத்துக் குளிர்வித்தால் ரேடியேட்டர், குழாய், தண்ணீர் என்று எடை ஏறும். காற்று மட்டும் போதும் என்றால், அந்த மெதுவான விமானங்களில் காற்று போதாது. செகன் சகோதரர்கள் தலைகீழாக யோசித்தார்கள். சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாது, கிராங்க் ஷாஃப்ட் சுழலும். இவர்கள் கிராங்க் ஷாஃப்ட்டை விமானத்தோடு இறுக்கிப் பூட்டிவிட்டு, சிலிண்டர்கள் மொத்தத்தையும் புரொப்பெல்லரோடு சேர்த்துச் சுழல விட்டார்கள்! சுற்றும் சிலிண்டர்கள் தாமே காற்றை வெட்டிக் குளிர்ந்து கொள்ளும். தனியாக ஃப்ளைவீலும் தேவையில்லை, எஞ்சினே ஃப்ளைவீல். ஏழு சிலிண்டர், 50 குதிரைசக்தி, எடை சுமார் 75 கிலோ. 1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகரில் நடந்த விமானப் போட்டியில் ஆன்ரி ஃபார்மன் இந்த எஞ்சினைப் பொருத்தி 180 கிலோமீட்டர் பறந்து தூரப் போட்டியில் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஐரோப்பாவே க்னோம் பின்னால் ஓடியது.

அந்த லேசான எடைக்கு ஒரு விலை இருந்தது. அது நன்றாகத் தெரிவது 1913-ல் வந்த 'மோனோசூபாப்' மாடலில். பிரெஞ்சில் அதற்கு 'ஒற்றை வால்வு' என்று அர்த்தம். சிலிண்டர் தலையில் ஒரே ஒரு வால்வு, புகை வெளியே போவதற்கு. புகை போன பிறகும் அந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், பிஸ்டன் கீழே இறங்கும்போது அதே வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வரும். வால்வு மூடிய பிறகு, பிஸ்டன் அடிமட்டத்துக்கு வந்ததும் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் திறக்கும், கிராங்க் கேஸில் இருக்கும் கெட்டியான பெட்ரோல் ஆவி அங்கிருந்து உள்ளே நுழைந்து கலக்கும். அழகான ஏற்பாடு, ஒரு வால்வும் அதன் ஸ்பிரிங்கும் மிச்சம்.

ஆனால் ஐடிலிங் என்றால் என்ன? காற்றையும் பெட்ரோலையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கொண்டே வருவது. கார்புரேட்டரில் ஒரு தகடு காற்று வழியை அடைத்து இந்த வேலையைச் செய்கிறது. மோனோசூபாப்பில் காற்று வருவதோ திறந்த வால்வு வழியாக, நேரே வெளியிலிருந்து. எதை வைத்து அடைப்பது? பெட்ரோலை மட்டும் குறைத்தால் கலவை நீர்த்துப்போய்ப் பற்றாது. ஆக எஞ்சின் ஓடினால் கிட்டத்தட்ட முழு வேகம், இல்லையென்றால் இல்லை.

சரி, முழு வேகத்தில் எப்படித் தரையிறங்குவது? அதற்குத்தான் விமானி பிடிக்கும் கம்பியில் ஒரு பொத்தான். ஆங்கிலேயர்கள் இதை 'ப்ளிப் சுவிட்ச்' என்றார்கள். அழுத்தினால் மேக்னெட்டோவின் மின்சாரம் நிற்கும், தீப்பொறி வராது. விட்டால் மறுபடி வரும். எஞ்சின் கனமாகச் சுழல்வதாலும் எதிர்க்காற்று புரொப்பெல்லரைத் தள்ளுவதாலும், தீப்பொறி இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய விமானம் இறங்கும்போது 'புர்ர்ர்... (மௌனம்)... புர்ர்ர்' என்று கேட்பது இதனால்தான். அது ஐடிலிங் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முழு சக்தியை அணைத்து அணைத்துப் போடும் சத்தம் அது.

இதில் இரண்டு ஆபத்துகள். பொத்தான் தீப்பொறியைத்தான் நிறுத்துகிறது, பெட்ரோலை அல்ல. அழுத்திய நேரம் முழுக்க எரியாத பெட்ரோல் எஞ்சினுக்குள் போய், எக்ஸாஸ்ட் வழியாக வெளியே வந்து, எஞ்சினை மூடிய தகட்டுக்குள் தேங்கும். பொத்தானை விட்டதும் தீப்பொறி வந்தால்... துணியும் மரமும் சேர்த்துக் கட்டிய விமானம், விமானிக்குப் பாராசூட்டும் பெரும்பாலும் கிடையாது. இன்னொன்று, ரொம்ப நேரம் அழுத்தினால் பிளக்குகளில் எண்ணெய் படிந்து எஞ்சின் மறுபடி பற்றாமலே போகலாம்.

அந்த எண்ணெய் வேறெதுவும் இல்லை, நம்ம ஊர் விளக்கெண்ணெய்தான்! கிராங்க் கேஸிலேயே பெட்ரோல் ஆவி நிறைந்திருப்பதால் பெட்ரோலில் கரையும் எண்ணெய் உதவாது. விளக்கெண்ணெய் எளிதில் கரையாது, சூட்டையும் தாங்கும். ஒருமுறை உயவுக்குப் பயன்பட்ட எண்ணெய் திரும்ப வராது, புகையோடு விமானி முகத்தில் அடித்துவிட்டுப் போகும். அந்தக் கால விமானிகளின் பேதிக் கதைகள் பிரசித்தம். ('காஸ்ட்ரால்' என்ற பெயரே 1909-ல் 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து பிறந்ததுதான்.) ஆமணக்கு விளையும் இந்தியா பிரிட்டன் கையில் இருந்தது. கடல் முற்றுகையில் சிக்கிய ஜெர்மனிக்கு இந்த எண்ணெய் கிடைக்கவில்லை, மாற்று எண்ணெய் ஊற்றிய அவர்களது ரோட்டரி எஞ்சின்கள் 1918-ல் சூடேறிப் பழுதாகிக் கொண்டிருந்தன.

லெ ரோன், க்ளெர்ஜே போன்ற பிந்தைய ரோட்டரிகளில் நிலைமை கொஞ்சம் தேவலை. காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல் இருந்தன. ஆனால் இரண்டையும் ஒத்துப்போக வைப்பது விமானியின் பொறுப்பு. காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் கார்புரேட்டரையும் கையால் திருகச் சொன்னால் எப்படி இருக்கும்? 1917-ல் வந்த சோப்வித் கேமல் விமானத்தில் இது உயிரையே குடித்தது. மேலெழும்பிக் கொஞ்ச நேரத்தில் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். மறந்தால் கலவை கெட்டியாகி எஞ்சின் மூச்சடைக்கும், டாங்க் நிறைந்த விமானம் வேகமிழந்து சுழன்று விழும். முதல்முறை தனியாகப் பறந்த மாணவர்கள் இப்படி விழுந்துகொண்டே இருந்தார்கள். கேமலில் ஒரே இருக்கை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் வழியில்லை. பிரிட்டனின் மத்திய விமானப் பயிற்சிப் பள்ளியில் இருந்த லூயிஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற அதிகாரி, சில கேமல்களின் பெரிய டாங்கைக் கழற்றிச் சின்ன டாங்க் வைத்து, அந்த இடத்தில் இரண்டாவது இருக்கையும் கட்டுப்பாடுகளும் பொருத்தினார். எஞ்சினைத் திருத்த முடியாதபோது விமானியைத் திருத்தினார்கள் என்று சொல்லலாம்.

1917-ல் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி செய்ததும் அதுதான். அவர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட அவ்ரோ 504ஜே-யில் இருந்தது அதே மோனோசூபாப். ஆபத்தான நிலைக்கு மாணவனை வேண்டுமென்றே கொண்டுபோய், அதிலிருந்து வெளியே வரச் சொல்லிக் கொடுப்பது அவர் முறை. அதற்கு முன்பு பெரும்பாலும் 'அங்கே போகாதே' என்பதுதான் பாடமாக இருந்தது. பின்னாளில் பல நாடுகளின் விமானப்படைகள் இந்த முறையைப் பின்பற்றின.

போர் முடியும் தறுவாயில், 1918-ல், க்ளெர்ஜே எஞ்சினின் கையேடு பொத்தானைத் தவிர்க்கச் சொன்னது. அது எஞ்சினைப் பாழாக்கும், நெம்புகோல்களைக் கொண்டே சமாளியுங்கள் என்றது. ஜெர்மனியின் சீமன்ஸ்-ஹால்ஸ்கே நிறுவனம், சிலிண்டர்கள் ஒரு பக்கமும் கிராங்க் ஷாஃப்ட் எதிர்ப்பக்கமும் சுழலும் ரோட்டரியைச் செய்து, அதில் உண்மையான த்ராட்டிலையும் வைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. விமானங்கள் வேகமாகிவிட்டதால் எதிர்க்காற்றே குளிர்விக்கப் போதும், சிலிண்டர்களைச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. 1920-களில் அதே அவ்ரோ 504-லேயே ரோட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிண்டர்கள் அசையாத 'லிங்க்ஸ்' எஞ்சினைப் பொருத்தினார்கள். த்ராட்டிலை இழுத்தால் அது பாட்டுக்கு மெதுவாக ஓடியது.

இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் சேகரிப்பிலும் அமெரிக்காவின் ஓல்ட் ரைன்பெக்கிலும் ரோட்டரி எஞ்சின் விமானங்களை இன்றும் பறக்க விடுகிறார்கள். இப்போது இறங்கும்போது தீப்பொறியை விட்டுவிட்டுப் பெட்ரோலை மூடுவதும் ஒரு வழக்கம். பிளக்குகள் காயாமல் பொறிந்துகொண்டே இருக்கும், எண்ணெய் படியாது, தேவைப்பட்டால் பெட்ரோலைத் திறந்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தரையைத் தொட்ட பிறகு மட்டும் ஆட்கள் ஓடிப்போய் இறக்கை நுனிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த விமானங்களுக்கு பிரேக்கும் கிடையாது.