கியர் இல்லாத வண்டி

கியர் இல்லாத சைக்கிளுக்கு இப்போது ஒரு ரசனை உருவாகியிருக்கிறது. சிலர் ஃப்ரீவீலையும் கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். காலுக்கு ஓய்வு கிடையாது. வண்டியும் உடம்பும் ஒன்றாகிவிடுவதாகச் சொல்கிறார்கள். அந்த அனுபவத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் யாப்பறிந்து யாப்பை விட்டவனும் யாப்பே தெரியாதவனும் ஒன்றல்ல என்று வாதாடுகிற நாம், இங்கேயும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். தேர்ந்துகொண்ட எளிமையும் வேறு வழியில்லாத எளிமையும் ஒன்றா?

சரித்திரத்தில் முதலில் வந்தது ஓய்வில்லாத வண்டிதான். 1885-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டார்லி செய்த ரோவரில் ஃப்ரீவீல் இல்லை. அது பரவியது அந்த நூற்றாண்டின் கடைசி வருஷங்களில். 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் டெரெய்லருக்கு 1937 வரை இடமில்லை. மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். பந்தயத்தை நிறுவிய பத்திரிகையாசிரியர் ஹென்றி தெக்ராஞ்ஜுக்கு தசையின் வெற்றிதான் வெற்றி. கியர் மாற்றுவது வயதானவர்களுக்கு. பத்திரிகை விற்க நடந்த பந்தயம் அது. பெடலை மிதித்தவர் அவரல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அம்பத்தூருக்கு ஒரே கியர் வந்தது வேறு காரணத்துக்காக. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. முதல் ஹெர்குலிஸ் 1951-ல் வெளிவந்தது. பக்கத்து ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ், சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இருந்தது சைக்கிள்: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்.

அந்த ஒரு கணக்கு இந்த ஊருக்குப் போதும். பூந்தமல்லியிலிருந்து ஆவடிவரை தரை சமம்; ஏரிக்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான் மேடு. வெயில் காலத்தில் காலையில் மேல்காற்று, ஆவடியிலிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவனைத் தள்ளிவிடும். சாயங்காலம் கடல்காற்று அவனையே வீட்டுக்குத் தள்ளும். கடைக்காரர் மரத்தடியில் ஸ்பானரை வைத்துக்கொண்டு செயினை இழுத்துக் கட்டுவார், கோட்டம் எடுப்பார், பால்ரஸ் மாற்றுவார். காலையில் கெட்ட வண்டி அன்று சாயங்காலமே ஓடும். இந்த வண்டியின் உண்மையான கவர்ச்சி இந்த நம்பகம்தான் என்று எனக்குப் படுகிறது. ஃப்ரீவீலை மட்டும் இங்கே யாரும் கழற்றவில்லை. எட்டு மணி நேரம் நின்றவனுக்கு அது கொடுத்த ஓய்வைக் கழற்ற யாருக்கும் மனசு வராது.

இது வெறும் நிர்ப்பந்தத்தின் கதை என்று முடித்துவிடவும் முடியாது. 1991-92-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவர்களும் வண்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் ஓட்டுவதைத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திராமல் போக முடிந்தது. எளிமைக்கு மதிப்பு வருவது அங்கேதான்.

என் அப்பா ஆவடியிலிருந்து பல வருஷம் இந்த வண்டியில் வேலைக்குப் போனவர். மொபெட் வாங்கிய அன்று அவர் சந்தோஷப்பட்டதுபோல் வேறு எதற்கும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பாங்கில் என் மேஜைக்கு இருசக்கர வாகனக் கடன் மனுக்கள் வருகின்றன. சைக்கிளுக்கென்று ஒன்றுகூட வந்ததில்லை. ஒரே கியரின் அழகைப் பற்றி அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். “அதுல என்னப்பா அழகு? எதிர்காத்துல மிதிச்சுப் பாரு” என்றார்.

அந்த எதிர்காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ரசனையை என்னால் ஏற்க முடியவில்லை.