ஓலைக் கொட்டானும் உயிர்ப்பு ஞாயிறும்

உயிர்ப்பு ஞாயிறன்று முட்டை கொணரும் முயலைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் பிராங்க் 1682இல் எழுதினார். குடியேறிகளோடு அவ்வழக்கம் பென்சில்வேனியா சென்றது. ஆங்கே சிறுவர் தொப்பியிலே முயலுக்குக் கூடமைத்தனர். அக்கூடே நாளடைவில் கூடையாயிற்று.

நம் பக்கத்துக் கூடையோ பனையோலைக் கொட்டான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர, அம்பூரி, பாறசாலை ஊர்கள் கேரளத்தில் நின்றன. எல்லையின் இருபுறமும் முடையும் முறை ஒன்றே: குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, சீராகக் கிழித்து, நீர் தெளித்து, அடியினின்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவர்.

குடிபெயர்ந்த நம் வீடுகளிற் பிளாஸ்டிக் கூடை புகுந்துவிட்டது. சென்ற ஆண்டு ஊரோலை வருவித்து நாமே ஒன்று முடைந்தோம். விரல் கிழிந்தது, கொட்டானும் கோணிற்று. வெங்காயத் தோலிட்டு அவித்த செம்முட்டைகளும் சில்லுக்கருப்பட்டியும் நிரப்பினோம். கருப்பட்டி அன்றே தீர்ந்தது. கோணற்கொட்டானில் இன்று பிள்ளைகளின் பென்சில்கள் இருக்கின்றன.